வசனம் எடுத்துக் கொடுத்தவன் பார்த்த நாடகம்

மிளகு வாசம் வந்தால் எனக்குக் காதல் ஞாபகம் வரும். மற்றவர்களுக்கு மல்லிகை, தாழம்பூ, முதல் மழையில் நனைந்த மண் என்று என்னென்னவோ இருக்கிறது. எனக்கு வாய்த்தது மிளகு. அதுவும் நல்ல மிளகு அல்ல, சாக்கில் ஒட்டிக்கொண்டு மிஞ்சிய மிளகுத் தூசி. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

போன மாதம் ஒரு காலையில், அலுவிகாரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் மிளகு காயப் போட்டிருந்தது. வேலியோரம் நாலு கொடி, வருஷத்துக்கு ஒரு வாளி மிளகு. அதைத்தான் நான் வெளியே 'தோட்டம்' என்று சொல்லிக்கொள்கிறேன். கோழி விரட்டக் கம்பும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது கொழும்பிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். நீலப் பின்னணி, நடுவே ஓர் ஆறு, இரண்டு கரையிலும் இரண்டு முகம். 'அக்கரை ரோசா. காதல் இசை நாடகம். மாத்தளையில் மீண்டும்.' அதற்குக் கீழே மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, ஒங்க நாடகம்!" படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கோழி வந்து பாயைக் கிளறிவிட்டுப் போனது தெரியவில்லை.

'ஒங்க நாடகம்' என்பது பாதி உண்மை. அந்த நாடகம் மேடையேறிய ஐந்து முறையும் நான் மேடையில்தான் இருந்தேன். ஆனால் ஒருமுறைகூட அதைப் பார்த்ததில்லை. பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, நடிகர்கள் மறந்தால் வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒரு கையில் கொப்பி, மறு கையில் இரண்டு பெற்றரி டோர்ச். சமையல்காரன் விருந்துக்கு இருந்த கதைதான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மாத்தளைக் கடைவீதியில் மிளகு, கராம்பு, கொக்கோ வாங்கி விற்கும் ஒரு ஹாஜியாரிடம் எழுத்து வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாடகர் குழுவுக்குப் பாட்டுப் புத்தகம் அடுக்கிக் கொடுப்பேன். பாடச் சொல்லி யாரும் கேட்டதில்லை. அந்தப் பாடகர் குழுவை நடத்திய ஞானம் மாஸ்டர்தான் 'அக்கரை ரோசா'வை எழுதி, மெட்டமைத்து, எங்களைப் பழக்கியவர். கதை பெரிதாக ஒன்றுமில்லை. ஆற்றுக்கு இந்தக் கரையில் ரோசா, அந்தக் கரையில் அந்தோனி. நடுவில் ஒரு பாலம். காதல் முற்றுகிற நேரம் பார்த்து வெள்ளம் வந்து பாலத்தைக் கொண்டுபோகிறது. பிறகு ஒன்றரை மணி நேரம் இருவரும் கரைக்கு ஒருவராக நின்று பாடுகிறார்கள். கடைசியில் ஊர் கூடிப் புதுப்பாலம் கட்டுகிறது, திரை விழுகிறது.

பங்குத் தந்தைக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருந்தது. காரணம் நடுவில் ஓடும் ஆறு. காதல் நாடகமும் ஆயிற்று, பையனும் பெண்ணும் பத்தடி தள்ளியும் நின்றாயிற்று. இரண்டு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள் ஒரு நீலச் சேலையை ஆளுக்கொரு முனையில் பிடித்து ஆட்டினால் அதுதான் ஆறு. அந்தச் சேலையை இஸ்திரி போட்டு வைத்திருந்ததே பாதர்தான் என்றால் அவருடைய அக்கறையைப் புரிந்துகொள்வீர்கள்.

நாடகம் கோயில் பாடசாலை மண்டபத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு. நாவுலவுக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு. அதோடு அது யுத்த காலம்; பொழுது சாய்ந்த பிறகு தெருவில் நடமாட எங்களில் யாருக்கும் ஆசை இருந்ததில்லை. ஆனால் மூன்று மணி வெயிலில் என்ன நாடகம்? "இருட்டு இல்லாட்டி காதல் எடுபடாது" என்றார் மாஸ்டர். "இருட்டெல்லாம் வேணாம்" என்றார் பாதர். கடைசியில் மண்டபத்தின் பன்னிரண்டு ஜன்னலுக்கும் சாக்குக் கட்டுவதென்று முடிவாயிற்று. சாக்கில் ஓட்டை இருப்பதால் பாதரும் ஒத்துக்கொண்டார்.

சாக்குக்கு நான் பொறுப்பு. ஹாஜியாரிடம் போய்த் தலையைச் சொறிந்தேன். "நாடகமா மகன்? நல்லது, நல்லது. வேண்டிய சாக்க எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா கழுவிராதீங்க, சாக்கு நாசமாப் போயிரும்" என்றார். கழுவவில்லை. மூன்றரை மணிக்குக் காற்று எழுந்ததும் பன்னிரண்டு ஜன்னலிலிருந்தும் மிளகுத் தூசி மண்டபத்துக்குள் இறங்கியது. சரியாக அப்போதுதான் ரோசாவின் முதல் பாட்டு. முன்வரிசையில் தொடங்கிய தும்மல் பின்வரிசை வரை போய்த் திரும்பி வந்தது. எல்லோர் கண்ணிலும் நீர். காதலின் உருக்கத்தால் ஊரே அழுதது என்று பாதர் அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். மறுத்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

நாடகம் போட அப்போது பொலிஸில் அனுமதி வாங்க வேண்டும். என் சிங்களம் மற்றவர்களுடையதைவிடப் பரவாயில்லை என்பதால் கதைச் சுருக்கத்தை நானே எழுதிக் கொண்டுபோனேன். அங்கிருந்த அதிகாரி ஒருமுறைக்கு இரண்டுமுறை வாசித்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்: "இதுல பாலம் ஒண்டு ஒடையுதே, யாரு ஒடைக்கிறது?"

"மழ சேர்."

"மழ மட்டுந்தானா?"

"மழ மட்டுந்தான் சேர்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாடகத்தன்று பார்க்கவும் வந்தார். அவரும் தும்மினார்.

விஷயத்துக்கு வருகிறேன். ரோசாவாக நடித்தவள் ஸ்டெல்லா. மாத்தளை டவுனில் தையல் வேலை செய்த ஒருவரின் மகள். பேசும்போது கேட்டால் சாதாரணக் குரல்தான். பாட வாயைத் திறந்தால் வேறு ஆள். அந்தோனியாக நடித்தவர் தபால் கந்தோர் பெனடிக். பாட்டு சுமார், தலைமுடி பிரமாதம்.

ரோசாவின் கரை நான் நின்ற பக்கம். மேடையின் ஓரத்தில் ஒரு மரத் தூண். தூணுக்குப் பின்னால் திரை. திரை இடுக்கில் நான். ரோசா ஒரு பாட்டில், "அக்கரை விளக்கே, ஆருக்காக எரியிறே?" என்று கேட்பாள். அக்கரை என்றால் அந்தோனியின் கரை. அது அவளுக்கு வலது கைப் பக்கம். ஆனால் ஸ்டெல்லா அந்த அடி வந்ததும் ஆற்றுக்கு முதுகு காட்டி இடது பக்கம் திரும்பினாள். திரும்பி, நேரே என்னைப் பார்த்தாள். கையில் எரிகிற டோர்ச்சோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.

முதல் நாடகத்தில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். இரண்டாவது முறையும் அதே அடி, அதே திரும்பல், அதே பார்வை. மூன்றாவது முறை நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். திரைக்குப் பின்னால் நிற்கிறவனுக்குப் புதுச் சட்டை எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். நான்காவது முறை டோர்ச்சுக்குப் புது பெற்றரி. உலகத்தில் எத்தனையோ பேர் சந்தேகத்தோடு காதலித்திருப்பார்கள்; எனக்குச் சந்தேகமே இல்லை. காதலன் வலது பக்கம் நிற்கிறான், விளக்கு வலது பக்கம் எரிகிறது, இவள் இடது பக்கம் திரும்புகிறாள் என்றால் வேறு என்ன அர்த்தம்? கோர்ட்டில் வைத்தாலும் நிற்கிற சாட்சி.

அந்த நேரம் பார்த்து நாவுலவில் எனக்கு ஒரு பெண் பேசினார்கள். நல்ல குடும்பம், வயல் இருந்தது. முடியாது என்றேன். அம்மாவிடம் காரணத்தைச் சொன்னபோது, "மேடையில நின்னு ஒருத்தி ஒன்னப் பாத்தாளா? நெனப்புதான்டா பொழப்பக் கெடுக்கும்" என்றார். நான் அசையவில்லை. ஐந்தாவது நாடகம் முடிந்த மறுவாரம் அம்மாவையும் மாமாவையும் ஸ்டெல்லா வீட்டுக்கு அனுப்பினேன். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டார்கள். பார்த்தாயா அம்மா என்றேன்.

கல்யாணமாகி இந்த இருபத்தைந்து வருஷத்தில் இந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. கல்யாண வீடு, திருமுழுக்கு விருந்து, தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் லொறிக்குக் காத்திருக்கும் நேரம். மகளுக்கு ஏழு வயதிலேயே மனப்பாடம். சொல்லும்போது எழுந்து நின்று இடது பக்கம் திரும்பியும் காட்டுவேன். ஸ்டெல்லா பக்கத்தில் இருந்தால் மெல்லச் சிரிப்பாள். தேத்தண்ணீர் கொண்டுவர எழுந்துபோவாள். அதை நான் வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

கதையில் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. உங்களிடம் சொல்வதில் என்ன? கல்யாணமான ஆறாம் மாதம் ஞானம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு ஆறாவது முறையாக நாடகம் போடலாம் என்றார். நான் அப்போது தம்புள்ளையில் ஒரு மரக்கறி மொத்தக் கடையில் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன், ஒத்திகைக்கு நேரமில்லை. "அதுக்கென்ன, எடுத்துக் குடுக்கப் புதுசா வந்த சயன்ஸ் சேர் இருக்காரு, கணீர்னு கொரலு" என்றார் மாஸ்டர். அந்த சயன்ஸ் சேரை நான் பார்த்திருக்கிறேன். உயரம். அவர் எந்த இடத்தில் நிற்பார் என்று எனக்குத் தெரியும். அந்த அடி வந்ததும் என் மனைவி எந்தப் பக்கம் திரும்புவாள் என்பதும் தெரியும்.

"இனி வேணாம் மாஸ்டர். கல்யாணம் முடிச்ச பொம்பள" என்றேன்.

ஸ்டெல்லா அப்போது தேத்தண்ணீரோடு கதவருகில் நின்றாள். மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கோப்பையை நீட்டினாள், அவர் குடித்தார், போய்விட்டார். ரோசாவைப் பாட ஊரில் வேறு ஆள் கிடைக்கவில்லை. 'அக்கரை ரோசா' அதோடு நின்றது. நான் அன்றைக்கு அதைப் புருஷ லட்சணம் என்று நினைத்துக்கொண்டேன்.

மகள் படம் அனுப்பிய இரண்டாம் நாள் புது நாடகத்தை இயக்கும் டிலானி என்ற இளம் ஆசிரியை வீட்டுக்கு வந்தாள். என்னிடம் இருக்கும் கொப்பியைக் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, அலுமாரியைக் குடைந்து, தூசி தட்டி, இரண்டு கையாலும் நீட்டினேன். "ஐயோ இல்ல அங்கிள், மாஸ்டரோட கொப்பி அவங்க மகள் வீட்டுல கெடைச்சிருச்சு. எல்லாம் டைப் பண்ணிட்டோம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, "நாடகம் முடிஞ்சதும் நீங்க மேடைக்கு வந்து அந்தக் கதையச் சொல்லணும் அங்கிள். ஒங்க மகள் சொன்னாங்க. எங்க நாடகத்துக்கு அதுதான் முடிவு" என்றாள். கொப்பியைத் திரும்ப அலுமாரியில் வைத்தேன். இடுப்பு வலியையும் மறந்து அன்றிரவே சட்டை ஒன்றை எடுத்து மாட்டிப் பார்த்தேன்.

ஆக, ஐம்பது கடந்து, முதல்தடவையாக நாடகத்தை முன்னாலிருந்து பார்க்கப் போனேன். டவுனில் ஒரு நல்ல மண்டபம். மெத்தை வைத்த கதிரை, குளிர்சாதனம், ஜன்னலே இல்லை. எனக்கு இந்தப் பக்கம் ஸ்டெல்லா, அந்தப் பக்கம் கொழும்பிலிருந்து வந்த மகள். முதல் பாட்டு தொடங்கியபோது என் மூக்கு பழக்கத்தில் தும்மலுக்குத் தயாரானது. ஒருவரும் தும்மவில்லை. பாட்டு முழுக்கத் தெளிவாகக் கேட்டது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முன்னாலிருந்து பார்த்தால்தான் சில விஷயங்கள் தெரிகின்றன. மூன்றாம் காட்சியில் அந்தக் காலத்தில் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். பெனடிக்கின் நடிப்புக்கு என்று நான் நினைத்திருந்தேன். காரணம் இப்போதுதான் தெரிந்தது. பாலம் உடைந்தபின் ரோசாவின் தகப்பன் கோபமாக அந்தோனி வீட்டுக்குப் போகிறார், தரகர் வருகிறார், பால்காரன் வருகிறான். எல்லோரும் நீலச் சேலையை மிதித்துக்கொண்டு தாராளமாக ஆற்றைக் கடக்கிறார்கள். அந்த இருவருக்கு மட்டும்தான் பாலம் வேண்டியிருக்கிறது. ஐந்து முறை வசனம் எடுத்துக் கொடுத்தும் இது எனக்குத் தட்டுப்படவில்லை. என் கொப்பியில் வசனம் மட்டும்தானே இருந்தது.

புது ரோசா ஒரு மெலிந்த பிள்ளை, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவளாம். நன்றாகத்தான் பாடினாள். 'அக்கரை விளக்கே' வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை ஆற்றுக்கு முதுகு காட்டி, இடது பக்கம் திரும்பி, திரையோரத்தை உருக்கமாகப் பார்த்தது.

என் முதல் எண்ணத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆகா, இதுவும் ஒரு காதல் என்று நினைத்தேன்! யார் அந்த அதிர்ஷ்டசாலி என்று கழுத்தை நீட்டிப் பார்த்தேன். திரையோரத்தில் ஆள் யாரும் இல்லை. ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி மட்டும் இருந்தது. இப்போது வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வைப்பதில்லையாம், எல்லோருக்கும் பாடமாம். இருந்தும் ஸ்டெல்லாவின் முழங்கையைத் தட்டி, "அங்க பாரு, ஒன்ன மாதிரியே" என்றேன்.

பாட்டின் அடுத்த கண்ணியில் அதே அடி திரும்ப வந்தது. அந்தப் பிள்ளை திரும்ப அதே மாதிரி, அதே கோணத்தில், ஒலிபெருக்கிப் பெட்டியை உருக்கமாகப் பார்த்தது. அக்கரையில் நின்ற அந்தோனியோ ரோசாவைப் பார்க்காமல் மண்டபத்தின் பின்சுவரைப் பார்த்துக் கைநீட்டிப் பாடினான்.

"ஏன் அவ அங்க திரும்புறா?" என்றேன், மெல்ல.

ஸ்டெல்லா மேடையைப் பார்த்தபடியே சொன்னாள். "அது பாதர் சொன்னதுங்க. காதல் பாட்டு பாடுறப்ப ரெண்டு பேரும் மொகம் பாக்கக் கூடாதுன்னு. பெனடிக் அண்ணன் பின்சுவத்துல இருந்த மாதா படத்தப் பாக்கணும். நான் எடது பக்கத் தூணப் பாக்கணும். மாஸ்டர் தன்னோட கொப்பியில எழுதி வச்சிருந்தாரு."

"தூணையா?"

"தூணத்தான். எனக்கு அப்பக் கண்ணாடியும் இல்ல. ரெண்டடி தாண்டினா எல்லாம் மூட்டம். நீங்க அங்க நிக்கிறது தெரியும், மொகம் தெரியாது."

ஆறு மேடையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பால்காரன் அதைக் கடந்துபோனான். சனம் சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஒரு மரத் தூணுக்கும் எனக்கும் நடுவில் அரை முழம்கூட இருந்திருக்காது. அந்த அரை முழத்தில் என் வாழ்க்கை முழுவதும் நின்றிருக்கிறது. நாவுல வயல் ஞாபகத்துக்கு வந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், அதுவும் வந்தது.

இடைவேளையில் மகள் குளிர்பானம் வாங்கப் போனபோது கேட்டேன். கேட்கப் பயமாகத்தான் இருந்தது. "அப்ப என்னைய எதுக்குக் கட்டுனே?"

அவள் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள். "மூணாவது நாடகம் முடிஞ்சப்பவே உக்குவளையில பேசின எடம் விலகிருச்சு. அடுத்து கண்டியில ஒரு எடம். ஊர் முன்னால நின்னு காதல் பாட்டுப் பாடின பொண்ணு வேணாம்னுட்டாங்க. அப்பா தையல் மெஷின மூடி வச்சிட்டு ரெண்டு நாள் யாரோடயும் பேசல. அதுக்கப்புறம் யாரும் கேக்கல. நீங்க மட்டுந்தான் வந்து கேட்டீங்க."

"இத ஏன் நீ சொல்லவேயில்ல? நான் ஊரெல்லாம் அந்தக் கதையச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

"ஒங்க கதை நல்லா இருந்திச்சு. என் கதை அவ்வளவு நல்லா இல்ல" என்றாள். பிறகு, "இன்னிக்கும் போய்ச் சொல்லுங்க. பிள்ளைங்க ஆசையா இருக்காங்க" என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள். மூன்றாவது நாடகத்துக்கு நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த வாரம்தான் அவளுடைய சம்பந்தம் ஒன்று முறிந்திருக்கிறது. நான்காவதிலும் ஐந்தாவதிலும் அவள் எப்படிப் பாடினாள் என்று இப்போது யோசிக்கிறேன். நான் அப்போது பெற்றரியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

புதுப்பாலம் கட்டி நாடகம் முடிந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். டிலானி மைக்கில் என் பெயரைச் சொல்லி அழைத்தாள். வெளிச்சத்தில் நின்று பார்த்தால் சனம் ஒரே கறுப்பாகத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. தயார் செய்து வைத்திருந்த கதை தொண்டைவரை வந்தது. இடது பக்கம் திரும்பிக் காட்டும் இடம்கூட ஞாபகத்தில் இருந்தது.

"இந்த நாடகம் இருபத்தஞ்சு வருஷமா நின்னு போனதுக்குக் காரணம் நாந்தான்" என்றேன். "இந்த ரோசாவ ஆறாவது தடவ மேடையேற விடாதவன் நான். எனக்குப் பொறாம. தூணு மேல பொறாம."

மண்டபம் அதிரச் சிரித்தார்கள். பகிடிக்கார மனுஷன் என்று முன்வரிசையில் யாரோ சொன்னது கேட்டது. டிலானியும் சிரித்தாள், எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். மகள் கைபேசியில் படம் எடுத்தாள். ஸ்டெல்லா சிரித்தாளா என்று பார்த்தேன். அவள் இருந்த பக்கம் இருட்டாக இருந்தது.

வெளியே வந்து வேனுக்குக் காத்திருந்தபோது டிலானி ஓடிவந்தாள். மாஸ்டர் மகள் வீட்டில் ஒரு பழைய கசெட்டும் கிடைத்ததாம். நான்காவது நாடகத்தில் யாரோ பதிவு செய்தது. அதைக் கைபேசிக்கு மாற்றியிருக்கிறார்களாம். "பிள்ளைக்குப் பாட்டுப் பழக்கினதே இத வச்சுத்தான் அங்கிள். ஒங்களுக்கு அனுப்பி விடுறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். முதலில் வெறும் இரைச்சல். பிறகு தும்மல்கள். அதற்கிடையில் அடிக்குரலில் ஒருவன் வசனம் எடுத்துக் கொடுப்பதும் கேட்டது; தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாக. பிறகு ஸ்டெல்லாவின் குரல் எழுந்தது. என்ன சொல்ல? நேற்றுப் பாடிய பிள்ளை நன்றாகப் பாடினாள். இது வேறு. மிளகையும் இரைச்சலையும் என்னையும் விலக்கிக்கொண்டு அது தனியாக மேலே போனது. ஐந்து முறையும் மூன்றடி தூரத்தில் நின்ற நான் அவள் எங்கே பார்க்கிறாள் என்பதைத்தான் கவனித்திருக்கிறேன். அவள் பாடியதை அன்று காலையில்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மாஸ்டரைத் திருப்பி அனுப்பிய பிறகு அவள் பாடவேயில்லை. கோயிலில் எல்லோரும் பாடும்போது உதடு அசையும், சத்தம் வராது. தொண்டை சரியில்லை என்று ஒருமுறை சொன்னாள். இருபத்தைந்து வருஷமாக ஒருத்திக்குத் தொண்டை சரியில்லாமல் இருக்குமா என்று நான் யோசித்ததில்லை. மகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டியபோதுகூட ரேடியோவைத்தான் போட்டாள். கைபேசியின் சத்தத்தைக் கூட்டினேன்.

சமையலறையில் குழாய் நின்றது. ஸ்டெல்லா ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"யாருங்க அது பாடுறது?" என்றாள். "நல்ல கொரலா இருக்கே."